டிஎல்சி வந்தாலும் நகரம் உடையக் கூடாது: சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் மொட்களுக்கும் வேகத்துக்கும் முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, நகரம் கட்டும் கேமான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸின் முதல் பாகத்தை ஸ்டீமில், விண்டோஸ் கணினியில், மொட்களோடு (விளையாடுபவர்களே ஆக்கிப் பகிரும் சேர்ப்பு நிரல்களோடு) விளையாடுபவர்களுக்கானது. புதிய டிஎல்சி (காசுக்கு விற்கும் கூடுதல் பகுதி) வெளிவரும் வாரத்தில் நகரம் திறக்காமல் போவதையும், திறந்தாலும் ஊர்ந்து ஓடுவதையும் எப்படித் தவிர்ப்பது என்பதுதான் விஷயம். இரண்டாம் பாகம் எங்கே வேறுபடுகிறது என்பதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். தடுமாறுகிறவர்கள் பலரும் செய்ய வேண்டியதைச் செய்யத்தான் செய்கிறார்கள், ஆனால் பிந்திச் செய்கிறார்கள். நகரம் உடைந்த பிறகு பக்கப் (பாதுகாப்புப் பிரதி) எடுப்பதால் எந்தப் பயனும் இல்லை.

1. அப்டேட் வேறு, டிஎல்சி வேறு

"அண்ணா, நான் உந்த டிஎல்சிய வாங்கவே இல்ல. பிறகேன் மொட் வேலை செய்யேல்ல?" வெள்ளவத்தையில் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. இதற்குப் பதில் விளங்கினால் மிச்சம் எல்லாம் லேசாக விளங்கும்.

புதிய டிஎல்சி வெளியாகும் நாளில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, காசு கொடுத்தவருக்கு அந்த டிஎல்சி திறக்கிறது. மற்றது, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எல்லோருடைய கேமுக்கும் இலவச அப்டேட் ஒன்று வந்து சேர்கிறது. கேமின் நிரல் மாறுவது இந்த இலவச அப்டேட்டில்தான். ஆகவே மொட்டை உடைப்பதும் அதுதான்.

காரணம் இது. மொட் ஒன்று கேமுக்குள் இருக்கும் ஒரு செயல்பாட்டை அதன் பெயரையும், அது கேட்கும் விவரங்களையும் வைத்துத்தான் தேடிப் பிடிக்கிறது. அப்டேட்டில் அந்தச் செயல்பாடு இன்னும் ஒரு விவரத்தைக் கூடுதலாகக் கேட்கத் தொடங்கினால், மொட் தேடுவது அங்கே இருக்காது. அப்போதுதான் சிவப்புப் பெட்டியில் 'மிஸ்ஸிங் மெத்தட் எக்செப்ஷன்' என்ற வரி வருகிறது.

வேகம் குறைவது வேறு கதை. டிஎல்சியை வாங்கி வைத்திருப்பதாலேயே நகரம் மெதுவாவதில்லை. அதன் கட்டடங்களை வைத்து, வாகனங்களை ஓட விட்ட பிறகுதான் சுமை ஏறுகிறது. 'மொட் உடைந்தது', 'கேம் மெதுவானது' என்ற இரண்டு முறைப்பாடுகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரண்டுக்குமே விடை கிடைக்காது. இந்த வழிகாட்டியில் 2, 4 முதல் 9 வரை முதலாவதற்கு, 3, 10 இரண்டாவதற்கு.

2. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, சேவ்களின் பிரதி. விண்டோஸில் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் கொலோசல் ஓர்டர், அதற்குள் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ், அதற்குள் சேவ்ஸ். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர், ஆகவே மறைந்தவற்றைக் காட்டும்படி முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். சேவ்ஸ் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவுக்கோ வெளி ஹார்ட் டிஸ்க்குக்கோ பிரதி எடுங்கள். அதே டிஸ்க்கில் இன்னொரு ஃபோல்டராக வைப்பது பக்கப் அல்ல.

சேவ் செய்யும்போது ஸ்டீம் கிளவுட் தெரிவு டிக் ஆகியிருந்தால் உங்கள் நகரம் அந்த ஃபோல்டரில் இருக்காது. பலர் வெறும் ஃபோல்டரைப் பிரதி எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது இதனால்தான். அந்த நகரத்தைத் திறந்து, டிக்கை எடுத்துவிட்டு, புதிய பெயரில் ஒரு முறை சேவ் செய்யுங்கள்.

இரண்டாவது, மொட்களின் பட்டியல். கேமின் மெயின் மெனுவில் உள்ள கொன்டென்ட் மனேஜரைத் திறந்து ஃபோனில் படம் எடுத்தாலே போதும். ஓன் ஆகியிருப்பது எது, ஓஃப் ஆகியிருப்பது எது என்று படத்தில் தெரிய வேண்டும்.

மூன்றாவது, வேர்க்ஷொப் (மொட்களையும் கட்டடங்களையும் எடுக்கும் ஸ்டீமின் பகுதி) ஃபோல்டரின் பிரதி. ஸ்டீம் நிறுவிய இடத்தில் ஸ்டீம்ஆப்ஸ், வேர்க்ஷொப், கொன்டென்ட், அதற்குள் 255710 என்ற எண்ணில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுதான் இந்தக் கேமின் எண். நீங்கள் சப்ஸ்கிரைப் செய்த எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் கட்டடங்கள் சேர்த்தவர்களுக்கு இது பல ஜிபி வரும். திரும்ப டவுன்லோட் செய்வதென்றால் நம்முடைய மாத டேட்டாவில் பெரிய பங்கு போய்விடும். இரவு நேர டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் பெரிய டவுன்லோட்களை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டொப் வைத்திருப்பவர்கள் அப்டேட் இறங்கும்போது யூபிஎஸ் போட்டிருப்பது நல்லது. பாதியில் கரண்ட் போனால் கேம் ஃபைல்கள் அரைகுறையாக நின்று, பிறகு வரும் பிழை மொட்டால் வந்ததா ஃபைலால் வந்ததா என்றே தெரியாமல் போகும்.

3. அப்டேட்டுக்கு முன்பே வேகத்தை அளந்து வையுங்கள்

'முந்தி நல்லா ஓடினது' என்பது அளவு அல்ல. ஒரு தாளில் மூன்று எண்களை எழுதி வைத்தால் பிறகு சண்டை இல்லை.

நகரத்தின் நெரிசலான ஒரு மூலைக்குக் கமராவைக் கொண்டுபோய் அந்த நிலையிலேயே சேவ் செய்யுங்கள். ஸ்டீமின் இன்கேம் அமைப்புகளில் எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படம்) காட்டும் தெரிவை ஓன் செய்து, கேமை நிறுத்தி வைத்த நிலையில் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். இது முதல் எண். பிறகு மூன்றாம் வேகத்தில் ஓட விட்டு எஃப்பிஎஸ்ஸை எழுதுங்கள். இது இரண்டாவது. மூன்றாவது எண்ணுக்கு ஃபோனில் ஸ்டொப்வொச் வேண்டும். மூன்றாம் வேகத்தில், கேமின் திகதியில் ஒரு மாதம் கடக்க நிஜத்தில் எத்தனை வினாடி எடுக்கிறது என்று பாருங்கள்.

மூன்று எண்கள் ஏன் என்றால், நிறுத்தி வைத்திருக்கும்போது வேலை செய்வது படம் வரையும் பகுதி மட்டும். அப்போதே எஃப்பிஎஸ் குறைவு என்றால் கிரஃபிக்ஸ் காட்டைப் பாருங்கள். நிறுத்தினால் நன்றாக இருந்து, ஓட விட்டதும் மாதம் நகர மறுத்தால் அது சிமுலேஷன், அதாவது ப்ரொசெசரின் வேலை. முதல் பாகத்தில் சிமுலேஷனின் முக்கியப் பகுதி ஒரே திரெட்டில் (ஒரே வேலை வரிசையில்) ஓடுவதால், கோர்களின் எண்ணிக்கையை விட ஒரு கோரின் வேகமே கூடக் கைகொடுக்கும். எஃப்பிஎஸ் 40 காட்டும்போதே நகரம் நத்தை வேகத்தில் நகர்வதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டுக் கிரஃபிக்ஸைக் குறைத்துக்கொண்டே போவது வீண் வேலை.

லப்டொப்பில் அளப்பவர்கள் கேமைத் திறந்தவுடன் அளக்க வேண்டாம். கொழும்பு வெக்கையில், ஏசி இல்லாத அறையில், அரை மணி நேரம் ஓடிய பிறகு ப்ரொசெசர் சூட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் வரும் எண்தான் உங்கள் உண்மையான எண். சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.

4. அப்டேட்டை உங்கள் நேரத்துக்கு எடுங்கள்

ஸ்டீமில் கேமின் ப்ரொபர்ட்டீஸ், அதில் அப்டேட்ஸ். 'கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்' என்ற தெரிவை எடுங்கள். இது அப்டேட்டைத் தள்ளிப்போட மட்டும்தான் உதவும். ஸ்டீம் ஒன்லைனில் இருக்கும்போது ப்ளேயை அழுத்தினால் இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே டிஎல்சி வரும் நாளுக்கு முதல் நாளே பக்கப் வேலை முடிந்திருக்க வேண்டும்.

ப்ரொபர்ட்டீஸில் பீட்டாஸ் என்ற பகுதியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். பழைய பதிப்பு அங்கே தரப்பட்டிருந்தால் அதைத் தெரிவு செய்து, மொட்கள் சரியாகும்வரை பழைய நகரத்தை அதிலேயே விளையாடலாம். ஆனால் வேர்க்ஷொப்புக்கு இப்படிப் பழைய பதிப்பு கிடையாது. மொட்டை ஆக்கியவர் புதியதை ஏற்றியதும் உங்களிடம் இருப்பதும் மாறும். பழைய கேமில் புதிய மொட் என்பதும் உடையும் கூட்டணிதான். 2ஆம் படியில் வேர்க்ஷொப் ஃபோல்டரைப் பிரதி எடுக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

அவசரம் இல்லாதவர்களுக்கு என் ஆலோசனை, ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். மொட் ஆக்குபவர்கள் சம்பளத்துக்குச் செய்வதில்லை, வேலை முடித்து வந்து இரவில் திருத்துகிறார்கள். முதல் நாளே போய் அவர்களின் பக்கத்தில் கோபப்படுவது அநியாயம்.

5. மொட் இல்லாமல் ஒரு புதிய நகரம்

அப்டேட் இறங்கியதும் பழைய நகரத்தைத் திறக்க விரல் துடிக்கும். திறக்க வேண்டாம். முதலில் கேம் தனியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கேமின் பிழையை மொட்டின் தலையில் போடுவீர்கள்.

ஸ்டீம் லைப்ரரியில் கேமின் ப்ரொபர்ட்டீஸில் ஜெனரல் பகுதியில் லோஞ்ச் ஒப்ஷன்ஸ் என்ற கட்டம் இருக்கிறது. அதில் ஒரு சிறு கோடு போட்டு, இடைவெளி விடாமல் நோவொர்க்ஷொப் என்று ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாக அடியுங்கள். நடுவில் வரும் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. இப்படித் திறந்தால் வேர்க்ஷொப்பில் எடுத்த எதுவும் ஏறாது, உங்கள் சப்ஸ்கிரிப்ஷனும் கலையாது.

புதிய வரைபடம் ஒன்றில் ஒரு சந்தி, பத்து வீடு, ஒரு பஸ் லைன் போட்டுச் சிறிது நேரம் ஓட விடுங்கள். புதிய டிஎல்சியை வாங்கியிருந்தால் அதன் கட்டடம் ஒன்றையும் வைத்துப் பாருங்கள். இதுவே தடுமாறினால் ஸ்டீமில் கேம் ஃபைல்களைச் சரிபார்க்கும் 'வெரிஃபை' வேலையைச் செய்யுங்கள்.

புதிய நகரம் தொடங்கும்போது நமக்கு மறக்கக் கூடாத ஒன்று, இடப்பக்கம் ஓட்டும் தெரிவு. கேம் சும்மா விட்டால் வலப்பக்கம்தான். நகரம் தொடங்கிய பிறகு கேமுக்குள் இதை மாற்ற வழி இல்லை. சோதனை நகரமும் உங்கள் நிஜ நகரமும் ஒரே பக்கத்தில் ஓடினால்தான் சந்திச் சோதனைகளுக்குப் பொருள் இருக்கும்.

6. ஓஃப் செய்வது போதாது, அன்சப்ஸ்கிரைப் செய்யுங்கள்

கொன்டென்ட் மனேஜரில் ஒரு மொட்டை ஓஃப் செய்தாலும் அதன் நிரல் ஃபைலைக் கேம் திறக்கும்போது ஏற்றவே செய்கிறது. 'ஓஃப் பண்ணிப்போட்டன், இன்னும் பிழை வருது' என்று வருகிறவர்கள் எல்லோரும் தட்டி விழுவது இந்தக் கல்லில்தான். உடைந்த மொட் என்று தெரிந்தால் வேர்க்ஷொப்பிலிருந்து அன்சப்ஸ்கிரைப் செய்யுங்கள்.

இதைக் கேம் முழுக்க மூடியிருக்கும்போது செய்யுங்கள். மெயின் மெனுவில் இருந்தபடி சேர்ப்பதும் கழற்றுவதும் பாதி ஏறிய பாதி இறங்கிய நிலையை உண்டாக்கி, இல்லாத பிழைகளைக் காட்டும்.

கழற்றும்போது இரட்டைகளையும் தேடுங்கள். சந்திகளிலும் லேன்களிலும் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் மொட்டான டிராஃபிக் மனேஜர் பிரசிடென்ட் எடிஷனுக்கு ஸ்டேபிள், டெஸ்ட் என்று இரண்டு வெளியீடுகள் இருக்கின்றன. இரண்டையும் சப்ஸ்கிரைப் செய்து வைத்திருப்பவர்கள் ஏராளம். இரண்டும் ஒரே இடத்தைப் பிடிக்கப் பார்ப்பதால் இரண்டுமே சரியாக வேலை செய்யாது. ஒன்று மட்டும் போதும், புதியவர்களுக்கு ஸ்டேபிள்.

கேமே இப்போது செய்யும் வேலைக்கு வைத்திருந்த பழைய மொட்களும் போகலாம். 2017இல் மாஸ் டிரான்சிட்டோடு வந்த இலவச அப்டேட்டில் சிக்னல் விளக்கை ஓன் ஓஃப் செய்வதும், வீதிகளுக்குப் பெயர் வைப்பதும் கேமுக்குள்ளேயே வந்துவிட்டன. இன்றும் அவற்றுக்குத் தனி மொட் சுமப்பது தேவையற்ற ஆபத்து.

7. திரும்பச் சேர்க்கும் வரிசை

லோஞ்ச் ஒப்ஷனை அழித்துவிட்டு, மொட்களை அடுக்கடுக்காகச் சேருங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் பிறகு கேமைத் திறந்து, சோதனை நகரத்தை ஏற்றி, சேவ் செய்து, மூடித் திரும்ப ஏற்றுங்கள். சேவ் ஆகி மறுபடி ஏறுவது வரைக்கும் பார்க்காமல் சரி என்று முடிவெடுக்க வேண்டாம். ஏறும்போது நன்றாக இருந்து, சேவ் செய்யும்போது உடைகிற மொட்கள் உண்டு.

முதல் அடுக்கு, மற்றவை நம்பியிருப்பவை. ஹார்மொனி இதில் முதன்மையானது. கேமின் நிரலை ஓடும்போதே மாற்றுவதற்கு ஏராளமான மொட்கள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. இது இல்லாமல் மற்றவற்றை ஏற்றினால் இருபது பிழை வரும், இருபதுக்கும் காரணம் ஒன்றாக இருக்கும்.

இரண்டாவது அடுக்கு, ஏறுவதைக் கையாளும் மொட். லோடிங் ஸ்கிரீன் மொட் அல்லது அதன் வழி வந்த ரிவிசிட்டெட். ஒரே படமும் வடிவமும் பல கட்டடங்களில் திரும்ப வந்தால் அதை ஒரே தடவை மட்டும் மெமரியில் வைத்து ரேமை மிச்சப்படுத்தும். எந்த அசெட் (வேர்க்ஷொப்பில் எடுத்த கட்டடம், வாகனம் போன்றவை) காணாமல் போயிருக்கிறது என்று அறிக்கையும் தரும். 9ஆம் படிக்கு அந்த அறிக்கை தேவை.

மூன்றாவது அடுக்கு, நகரத்தின் உடம்போடு ஒட்டியவை. 81 டைல்ஸ் (கட்டும் நிலத்தைப் பெருக்குவது), நெட்வேர்க் எக்ஸ்டென்ஷன்ஸ் (புதிய வீதி வகைகள்), டிராஃபிக் மனேஜர், அனார்க்கி வகை மொட்கள் (கேம் தடுக்கும் இடத்திலும் பொருள் வைக்க விடுபவை). இவை சேவுக்குள் தடம் பதித்தவை, ஆகவே தனித்தனியாக ஒன்றொன்றாகச் சேருங்கள். நேரம் போகும். இங்கே அவசரப்பட்டால் பின்னால் அதைவிடக் கூடுதலாகப் போகும்.

நான்காவது அடுக்கு, வைத்ததை நகர்த்தும் மூவ் இட் போன்ற கருவிகளும் தோற்றத்தை மட்டும் மாற்றுபவையும். இவற்றைக் கூட்டமாகச் சேர்க்கலாம். பிழை வந்தால் பாதியைக் கழற்றிப் பாருங்கள். பிழை போனால் குற்றவாளி கழற்றிய பாதியில், போகாவிட்டால் மிச்சப் பாதியில். 64 மொட் என்றாலும் ஆறு சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம்.

பிழையின் பெயர் வேண்டுமென்றால் கேம் நிறுவிய ஃபோல்டருக்குள் சிட்டீஸ் டேட்டா என்ற ஃபோல்டரில் 'அவுட்புட் லொக்' என்ற டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்து எக்செப்ஷன் என்ற சொல்லைத் தேடுங்கள். கடைசியாக வந்ததைப் பார்க்காமல் முதலாவதாக வந்ததைப் பாருங்கள். முதல் பிழை விழுந்ததும் அதை நம்பியிருந்தவை எல்லாம் வரிசையாக விழும். அடியில் இருப்பவை பெரும்பாலும் பாதிக்கப்பட்டவை. கேமைத் திரும்பத் திறந்தால் இந்த ஃபைல் புதிதாக எழுதப்படும், ஆகவே யாரிடமாவது காட்ட வேண்டுமென்றால் அதற்கு முன்பே பிரதி எடுங்கள்.

8. சத்தம் போடாமல் உடைபவை

சிவப்புப் பெட்டி காட்டும் மொட் நல்ல மொட். எனக்குப் பயம் எதுவும் சொல்லாமல் உடைபவற்றில்தான்.

சில மொட்கள் கேமின் ஒரு செயல்பாட்டை முழுதாக அகற்றி, தம்மிடமுள்ள திருத்திய பிரதியை அங்கே வைத்துவிடுகின்றன. அந்தப் பிரதி பழைய கேமின் நிரலிலிருந்து எடுத்தது. புதிய டிஎல்சிக்காக அந்தச் செயல்பாட்டில் கேம் நாலு வரி சேர்த்திருந்தால், அந்த நாலு வரி உங்கள் நகரத்தில் ஓடாது. பிழை எதுவும் வராது. புதிய கட்டடத்திலிருந்து லொறி வெளிக்கிடாது, அல்லது வந்த லொறி திரும்பாது, அவ்வளவுதான்.

மேலே சொன்ன தம்பியின் நகரத்தை உதாரணத்துக்கு எடுக்கிறேன். காலி வீதி, அதற்குச் சமாந்தரமாக மரைன் டிரைவ், அதற்கப்பால் ரயில் பாதை, பிறகு கடல், நடுவில் குறுக்கே இறங்கும் ஒழுங்கைகள் என்று வெள்ளவத்தைக் கரையை அப்படியே ஆக்கியிருக்கிறான். ஒவ்வொரு சந்தியிலும் எந்த லேனிலிருந்து எந்த லேனுக்குப் போகலாம் என்று டிராஃபிக் மனேஜரில் கோடு இழுத்து வைத்திருக்கிறான். அப்டேட்டுக்குப் பிறகு நகரம் பிழையில்லாமல் திறந்தது. ஆனால் வலப்பக்கம் திரும்பும் லேனில் மட்டும் வாகனம் நகரவில்லை. நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள், ஆகவே வலப்பக்கம் திரும்புவதென்றால் எதிரே வருவதைக் கடக்க வேண்டும். அந்த ஒரு லேன் அடைத்ததும் நெரிசல் தெஹிவளைப் பக்கம்வரை நீண்டது. நகரத்தை மட்டும் பார்த்தால் 'டிஎல்சியால் கேம் மெதுவாகிவிட்டது' என்றுதான் தோன்றும்.

ஆகவே சோதனை நகரத்தில் இதைச் செய்யுங்கள். புதிய டிஎல்சியின் ஒவ்வொரு வகைக் கட்டடத்திலும் ஒன்று வைத்து, அதிலிருந்து ஒரு வாகனம் வெளிக்கிட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போய், திரும்பி வரும்வரை கண்ணால் பின்தொடருங்கள். ஒரு நாற்சந்தியில் லேன் கோடுகள் இழுத்து, நாலு பக்கமும் வாகனம் திரும்புகிறதா பாருங்கள். சரக்கு ரயில் ஒன்று ஏற்றி இறக்குகிறதா பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் இதற்கு மாற்று இல்லை.

9. பழைய நகரத்தைத் திறப்பது

இப்போதுதான் உங்கள் நகரத்தின் முறை. திறந்ததும் உடனே வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். ஓட்டோசேவையும் ஓஃப் செய்து வையுங்கள். மொட் ஒன்று ஏறாத நிலையில் பழைய பெயரின் மேலேயே சேவ் விழுந்தால் இழப்பு நிரந்தரமாகலாம்.

81 டைல்ஸ் இல்லாமல் திறந்து சேவ் செய்த நகரத்தில் அப்பால் இருந்த நிலமும் தண்ணீர், மின்சார இணைப்பும் திரும்ப வராமல் போகலாம். நெட்வேர்க் எக்ஸ்டென்ஷன்ஸ் வீதிகள் அந்த மொட் இல்லாவிட்டால் வீதிகளாகவே இருக்காது. அனார்க்கி மொட் கொண்டு வீதியோடு ஒட்டி வைத்த மரங்கள் மறைந்துவிடும். இம்மூன்றில் ஏதாவது ஒன்று இன்னும் சரியாகவில்லை என்றால் நகரத்தைத் திறக்காமல் காத்திருப்பதே சரி.

அடுத்தது லோடிங் ஸ்கிரீன் மொட்டின் அறிக்கை. காணாமல் போன அசெட்கள் வேர்க்ஷொப்பிலிருந்தே அகற்றப்பட்டவையா, அல்லது உங்களிடம் இல்லாத டிஎல்சி ஒன்றைக் கேட்பவையா என்று பாருங்கள்.

டிஎல்சியை ஸ்டீமில் டிக் எடுத்து ஓஃப் செய்து வேகம் கூடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அந்த டிஎல்சியின் கட்டடங்கள் ஏற்கெனவே நகரத்தில் இருந்தால் வேண்டாம். நகரத்துக்குத் தேவையான துண்டுகளை நீங்களே பிடுங்குகிறீர்கள்.

எல்லாம் சரியென்றால், 3ஆம் படியில் சேவ் செய்த அதே கமரா மூலையில் மூன்று எண்களையும் திரும்ப எடுங்கள்.

10. எந்த டிஎல்சி எங்கே சுமை ஏற்றும்

முதல் பாகத்தில் எண்ணிக்கைகளுக்கு உச்ச வரம்பு இருக்கிறது. ஒரே நேரத்தில் ஓடும் வாகனங்கள் 16,384. வெளியே நடமாடும் ஆட்கள் 65,536. கட்டடங்கள் 49,152. வீதித் துண்டுகள் 36,864. டிஎல்சி வாங்குவதால் இவை கூடுவதில்லை. புதிய டிஎல்சியும் பழைய நகரமும் ஒரே வரம்பைத்தான் பங்குபோட வேண்டும். கட்டடமும் வீதியும் நிறைந்தால் கேம் உங்களிடம் சொல்லும். வாகனம் நிறைந்தால் சொல்லாது, குப்பை லொறி வெளிக்கிடாமல் நின்றுவிடும். இவற்றை எண்ணிக் காட்டும் மொட்கள் வேர்க்ஷொப்பில் உண்டு, ஒன்றைப் போட்டு வையுங்கள்.

சுமை கூடிய டிஎல்சி என்றால் என் கணக்கில் முதலிடம் இண்டஸ்ட்ரீஸுக்கு. மூலப்பொருள் களஞ்சியத்துக்கு, அங்கிருந்து பதனிடும் ஆலைக்கு, அங்கிருந்து தொழிற்சாலைக்கு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு லொறி. ஒவ்வொரு லொறிக்கும் பாதை கணக்கிட வேண்டும். களஞ்சியத்தை ஆலைக்குப் பக்கத்திலேயே வைத்தால் அதே உற்பத்திக்கு வீதியில் நிற்கும் லொறிகள் குறையும், ஏனென்றால் ஒவ்வொரு பயணமும் சீக்கிரம் முடிகிறது.

டிராஃபிக் மனேஜரில் வாகனம் மறைவதைத் தடுக்கும் தெரிவை இண்டஸ்ட்ரீஸோடு சேர்த்துப் போட்டவர்கள் கவனியுங்கள். சாதாரணமாக நீண்ட நேரம் சிக்கிய லொறியைக் கேம் அகற்றிவிடும். தடுத்தால் அது நின்றபடியே 16,384இல் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நெரிசல் தீராத நகரத்தில் இது மெல்ல மெல்ல முழு நகரத்தையும் நிறுத்தும். அதே மொட்டின் அட்வான்ஸ்ட் வெஹிக்கிள் ஏஐயும் ப்ரொசெசருக்குக் கூடுதல் வேலை. பழைய லப்டொப் என்றால் முதலில் இதை ஓஃப் செய்து அளந்து பாருங்கள்.

ஏர்போர்ட்ஸ், கம்பஸ், பார்க்லைஃப் மூன்றும் வாகனத்தை விட நடக்கும் ஆட்களைக் கூட்டுபவை. பார்க்லைஃபில் அலங்காரப் பொருள்களும் சேரும், அவற்றுக்கும் 65,536 என்ற வரம்பு உண்டு. பிளாசாஸ் அண்ட் ப்ரொமனாட்ஸில் நடைபாதைப் பகுதிக்குள் வாகனம் குறைவதால் பலர் வேகம் கூடும் என்று எதிர்பார்க்கிறார்கள். சரக்கும் குப்பையும் ஒரே சேவை மையத்துக்கு வந்து குவிவதால் அதன் வாசலில் நெரிசல் வராமல் பார்த்தால்தான் அந்தப் பயன் கிடைக்கும்.

ஆஃப்டர் டார்க்கோடு இலவச அப்டேட்டில் வந்த இரவு பகல் சுழற்சி வேறு வகை. அது கிரஃபிக்ஸ் காட்டின் சுமை, அமைப்புகளிலேயே ஓஃப் செய்யலாம். நச்சுரல் டிசாஸ்டர்ஸின் தானாக வரும் அனர்த்தங்களையும் அப்படியே. ஸ்னோஃபோலின் பனி குளிர்கால வரைபடத்துக்கு மட்டும். வானொலி நிலையங்களை ஒரு பொருட்டாக எடுக்கவே வேண்டாம். கட்டடப் பக்குகள் சிமுலேஷனைத் தொடுவதில்லை, மெமரியை மட்டும் கேட்கும்.

மெமரிதான் நம் ஆட்களிடம் கூடுதலாக உதைக்கும் இடம். 8 ஜிபி ரேம் லப்டொப்பில் மொட்களோடும் வேர்க்ஷொப் கட்டடங்களோடும் நகரம் ஏற்றினால் மிச்சம் எல்லாம் டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குப் போகும். ஏற அரை மணி எடுப்பதும் பாதியில் மூடிக்கொள்வதும் அதனால். டாஸ்க் மனேஜரைத் திறந்து மெமரி நிறைந்து நிற்கிறதா பாருங்கள். நிறைந்திருந்தால் நகரத்தில் ஒரு தடவைகூட வைக்காத அசெட்களை அன்சப்ஸ்கிரைப் செய்யுங்கள், வைக்காவிட்டாலும் அவை ஏறும். பேஜ் ஃபைலை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி விட்டு, எஸ்எஸ்டி டிரைவில் இடம் ஒதுக்குங்கள். செலவு செய்ய முடியுமென்றால் கிரஃபிக்ஸ் காட்டுக்கு முன் ரேமை 16 ஜிபி ஆக்குங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகும்போது லப்டொப்பையும் கொண்டுபோங்கள். எந்த வகை ரேம், எத்தனை இடம் காலி என்று திறந்து பார்த்து வாங்குவது பாதுகாப்பு. விசிறியில் அடைந்த தூசியையும் அப்போதே துப்புரவாக்கச் சொல்லுங்கள்.

11. இரண்டாம் பாகத்தில் மாறுபவை

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2இல் ஸ்டீம் வேர்க்ஷொப் இல்லை, மொட்கள் பரடொக்ஸ் மொட்ஸ் வழியாக வருகின்றன. அங்கே எந்தெந்த மொட் ஏற வேண்டும் என்று பட்டியலாகச் சேமித்து வைக்கும் பிளேசெட் என்ற வசதி உண்டு. எதுவும் சேர்க்காத வெற்று பிளேசெட் ஒன்றை இப்போதே ஆக்கி வையுங்கள். 5ஆம் படியில் லோஞ்ச் ஒப்ஷனால் செய்ததை அங்கே பிளேசெட்டை மாற்றியே செய்யலாம். 7ஆம் படியின் அடுக்குகளையும் தனித்தனிப் பிளேசெட்டாக வைத்தால் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்ட வேண்டியதில்லை.

3ஆம் படியின் அளவுகளை அப்படியே எடுக்கலாம், ஆனால் சிமுலேஷன் பல கோர்களில் பிரிந்து ஓடுவதால் ப்ரொசெசர் தெரிவு மாறும். அங்கே கோர்களின் எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு. கிரஃபிக்ஸ் காட்டையும் முதல் பாகத்தை விட மிகக் கூடுதலாகக் கேட்கும்.

சேவ்கள் ஆப்டேட்டாவுக்குள் லோக்கலில் இல்லை, லோக்கல்லோ என்ற ஃபோல்டரில், கொலோசல் ஓர்டருக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் உண்டு. ஒன்று பெரியது, மற்றது சில எழுத்துகள் மட்டும் கொண்ட சிறியது. பிரதி எடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.